தபாலில் வந்த ரியூப்புக்கு ஐந்துக்கு நாலு

2019இல் தபாலில் வந்த குடல் புற்றுநோய்ச் சோதனை ரியூப்புக்கு நான் கொடுத்த இடம் பழைய காகிதப் பெட்டி. தடித்த உறை ஒன்று வந்தது. ஒல்லாந்தில் கனகாலம் இருந்தவனுக்கு எந்த உறையை உடனே உடைப்பது, எதை ஆறப்போடுவது என்று ஒரு கணக்கு உண்டு. நீல உறை என்றால் வரிக்கந்தோர், நின்ற நிலையில் உடைக்கவேண்டும். காப்புறுதிக் கடிதத்தைச் சனிக்கிழமை பார்க்கலாம். இது இரண்டிலும் சேரவில்லை. கையை விட்டால் உள்ளே ஒரு பிளாஸ்ரிக் ரியூப். குடல், மலம் என்ற அர்த்தத்தில் இரண்டு டச்சுச் சொற்கள் கண்ணில் பட்டன. எனக்கு வயிற்றில் ஒரு குறையும் இல்லை, எறிந்துவிட்டேன். பிறகு நினைவூட்டல் கடிதம் வந்தது. அதுவும் அதே பெட்டிக்குள் போனது.

மூத்த மகள் மருந்தகத்தில் வேலை செய்கிறாள். அடுத்த தடவை, 2021இல், உறை வந்த நேரம் அவள் வீட்டில் நின்றாள்.

"அப்பா, முந்தி வந்ததை என்ன செய்தனீங்கள்?"

"எறிஞ்சுபோட்டன் பிள்ளை."

அவள் ஏசவில்லை. உறையைத் திறந்து மேசையில் பரப்பிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டாள். ஏசியிருந்தால் திரும்பவும் எறிந்திருப்பேன்.

இதற்கு இங்கே பெயர் டார்ம்கங்கர் பெவோல்கிங்ஸ்ஒன்டர்சூக், அதாவது மக்களுக்கான குடல் புற்றுநோய்ச் சோதனை. 2014இல் தொடங்கினார்கள். 55 வயதிலிருந்து 75 வரைக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ரியூப் வீடு தேடி வரும். ஒரு சதம் கொடுக்கத் தேவையில்லை, வைத்தியரிடம் கேட்கவும் தேவையில்லை. எல்லா வயதினருக்கும் ஒரே வருடத்தில் அனுப்பாமல், பிறந்த வருடத்தைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, 2019இல்தான் முழு வட்டமும் நிறைவானது. நான் 1964. அந்தக் கடைசி வருடத்தில் பிடிபட்டவன்.

இந்த நாடு எங்களுக்கு முதல்முதல் தந்தது கட்டில், குளியல், பாண். 1985இல் எங்கட தமிழ்ப் பொடியள் அகதிகளாக வந்து குவிந்தபோது எங்களுக்கென்றே ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார்கள், 'பெட்-பாட்-ப்ரோட்' என்று. படுக்க இடம், குளிக்க வசதி, சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம். அதுக்குமேலே கேட்காதே. அந்த நாட்களில் தடிமன் காய்ச்சலுக்குப் போனாலும் பரசிற்றமோல், முழங்கால் வீங்கிப் போனாலும் பரசிற்றமோல். கேட்டும் கிடைக்காத இடத்தில், கேளாமலே ஒன்று வந்தால் சந்தேகம் வரும்தானே. நான் எறிந்ததற்குச் சாட்டுச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இனிப் பொருளுக்கு வருவோம். சின்ன விரல் அளவில் ரியூப். மூடியைத் திருகினால் மூடியோடு ஒரு குச்சி வரும், நுனியில் சின்னச் சின்ன வெட்டுகள். மலத்தில் மூன்று நாலு இடத்தில் குத்தி எடுத்தால் அந்த வெட்டுகளுக்குள் தேவையான அளவு நின்றுவிடும். மிச்சத்தை ரியூப்பின் வாய் வழித்துவிடும். திரும்பச் செருகி, இறுக்கி, ஒரு குலுக்குக் குலுக்கினால் முடிந்தது. மண்சாடிக்குப் பூச்சிமருந்து கலக்குவதிலும் சுலபம். படம் போட்ட வழிகாட்டியைப் பார்த்தாலே போதும், டச்சு வாசிக்கத் தெரியாதவரும் செய்து முடிக்கலாம்.

இதற்கென்றே கட்டியதுபோல ஒரு வசதி எங்கள் வீட்டில் இருந்தது. பழைய ஒல்லாந்து வீடுகளின் கக்கூசுக் கோப்பைக்குள் ஒரு தட்டு இருக்கும். போனது தண்ணிக்குள் விழாமல் அந்தத் தட்டில் அப்படியே காட்சிக்கு இருக்கும். வந்த புதிதில் இதைப் பார்த்து அருவருத்து, இவங்களுக்கு ஏன் இந்தக் கோலம் என்று சிரித்திருக்கிறோம். 36 வருடம் கழித்து, குச்சியும் கையுமாகக் குனிந்து நின்றபோது அந்தத் தட்டின் அருமை விளங்கியது. புது வீட்டுக்காரர் பாவம், கோப்பைக்குள் கடதாசியைப் பரப்பி அதன்மேல் ஏந்தவேண்டும்.

அடுத்த பிரச்சினை எங்கே வைப்பது என்பது. அன்று ஞாயிற்றுக்கிழமை, தபாலெடுக்க ஆள் வராது. உடனே அனுப்ப முடியாவிட்டால் குளிர்ச்சாதனப் பெட்டியில் வையுங்கள் என்று வழிகாட்டியில் இருந்தது. ரியூப்பைப் பைக்குள் போட்டு, பைக்குமேல் இன்னொரு பை சுற்றி, தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். கதவை மூடமுதல் மனிசி கண்டுவிட்டா.

"இஞ்சருங்கோ, உது என்ன?"

சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை விரதச் சோறு வைக்கிற பெட்டி. கொண்டுபோய் உங்கட கராஜில வையுங்கோ."

ஆனி மாதம், கராஜ் அடுப்பு மாதிரிக் கொதிக்கும். சூட்டில் இரத்தத்தின் ஹீமோகுளோபின் சிதைந்துபோகும், சிதைந்தால் இருந்ததையும் இல்லை என்று காட்டும் என்று மகள் விளங்கப்படுத்தினாள். கடைசியில் ஒரு ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஐஸ்கட்டியைப் போட்டு, அதன் நடுவில் ரியூப்பை வைத்து, ஏதோ கடல்மீன் கொண்டுபோகிற மாதிரி அடுத்தநாள் காலைமை செம்மஞ்சள் தபால்பெட்டிக்குக் கொண்டுபோனேன். முத்திரை ஒட்டத் தேவையில்லை.

அந்த ரியூப் தேடுவது கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தை. அதுவும் மனித இரத்தத்தை மட்டும். முந்தைய நாள் ஆட்டிறைச்சி சாப்பிட்டேனே, பீற்றூட் கறி சாப்பிட்டேனே என்று பயப்படத் தேவையில்லை. குடலின் உள்சுவரில் காளான் மாதிரி முளைக்கும் பொலிப்புகள் சில வேளை கசியும், சில வேளை கசியாது. அதனால் 'ஒன்றும் இல்லை' என்று வந்தால் அன்று கசியவில்லை என்றுதான் எடுக்கவேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடாமல் செய்யச் சொல்வது அதனால்தான். 2021இல் எனக்கு வந்தது நல்ல மறுமொழி. இரண்டு கிழமைகூட ஆகவில்லை.

2023இல் வந்தது 'ஒன்குன்ஸ்டிக்'. சாதகமில்லை என்று அர்த்தம். நல்ல மனிதரின் சொல். ஆனால் சாமம் இரண்டு மணிக்கு முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவனுக்கு அது என்ன சொல்கிறது? எவ்வளவு இரத்தம் என்ற எண் எனக்கு வந்த கடிதத்தில் இல்லை. எண் இருந்தால் பயம் கூடியிருக்குமோ குறைந்திருக்குமோ, எனக்கு எண்தான் வேணும். முப்பது வருடம் களஞ்சியசாலையில் நிறுத்துக் கணக்கு வைத்தவன் நான்.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2014இல் தொடங்கியபோது, ஒரு கிராம் மலத்தில் 15 மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் இருந்தாலே ஆளைக் கூப்பிட்டார்கள். நினைத்ததற்கு மேலாக ஆட்கள் பிடிபட்டார்கள். குழாய்விட்டுப் பார்க்கிற வைத்தியர்களும் மேசைகளும் அவ்வளவுக்கு இல்லை. அதோடு, கூப்பிட்டவர்களில் கனபேருக்குக் குடலில் ஒன்றுமில்லை. சில மாதத்துக்குள்ளேயே எல்லையை 47க்கு உயர்த்தினார்கள். அதாவது நீ 'சாதகமா' இல்லையா என்பதை உன் குடல் மட்டும் முடிவுசெய்வதில்லை. நாட்டில் எத்தனை கொலொனோஸ்கோபி, அதாவது அந்தக் குழாய்ச் சோதனை, செய்ய முடியும் என்பதும் சேர்ந்தே முடிவுசெய்கிறது. இதை ஒளித்துச் செய்யவில்லை, எழுதியே வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் கோபமில்லை, ஆனால் 46 உள்ளவனை நினைப்பேன்.

இப்போது அந்த எண்ணுக்கு வேறொரு வேலையும் கொடுத்துப் பார்க்கிறார்கள். றொட்டர்டாம் எராஸ்முஸ் வைத்தியசாலை ஆராய்ச்சியாளர்கள் எல்லாருக்கும் இரண்டு வருடம் என்று வைக்காமல், போனமுறை இருந்த அளவைப் பார்த்து, கூடினவருக்கு ஒரு வருடத்திலும் ஒன்றுமே இல்லாதவருக்கு மூன்று வருடத்திலும் ரியூப் அனுப்பினால் என்ன என்று பரிசோதிக்கிறார்கள். எங்கள் ரியூப்பும் தரவுகளும் ஆராய்ச்சிக்குப் போகும். விருப்பமில்லை என்றால் மறுப்புத் தெரிவிக்கலாம். நான் மறுக்கவில்லை. எல்லைக்குக் கிட்ட நின்ற ஒருவனையாவது அது முந்திப் பிடிக்கட்டும்.

வைத்தியசாலைப் பகுதிக்கு மூன்று நட்சத்திரம்தான். பெயர் வேண்டாம், பிறாபன்ட் மாகாணத்தில் ஒன்று என்று வையுங்கள். கதைத்துப் பதிவெடுத்த தாதி தங்கமான பிள்ளை. குடும்பத்தில் ஆருக்கும் இருந்ததா என்று கேட்டா. அப்பா வயிற்று வருத்தத்தில்தான் செத்தவர், 1988இல், யாழ்ப்பாணத்தில். என்ன வருத்தம் என்று ஒருவரும் வெட்டிப் பார்க்கவில்லை. அவ எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. 'தெரியாது' என்று ஒரு கட்டம் இருந்திருக்கவேண்டும், அதில் புள்ளடி போட்டா.

கோளாறு கொலொனோஸ்கோபித் திகதியில் வந்தது. மார்கழி 14 என்று தந்ததை, ஒரு கிழமைக்கு முதல் ஈமெயில் போட்டுத் தை 9க்கு மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை. ஒல்லாந்துக்கு வெளியே இருப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ரியூப் இலவசம், ஆனால் அதற்குப் பிறகு நடப்பது காப்புறுதிக் கணக்கு. அதில் வருடத்துக்கு முதல் 385 யூறோ நாங்கள் கட்டவேண்டும், 'ஐகன் ரிசிகோ' என்பார்கள். 2023க்கான 385 என் முழங்காலோடு பங்குனியிலேயே முடிந்துவிட்டது. மார்கழியில் செய்திருந்தால் ஒரு சதமும் வராது. தை பிறந்தால் மீற்றர் திரும்பப் பூச்சியத்துக்குப் போகும். தொலைபேசியில் இருபத்தைந்து நிமிடம் இசை கேட்டேன், பயனில்லை. 385 கட்டினேன். ரியூப்பை இலவசமாகத் தந்துவிட்டு, பயந்துபோய் நிற்கிறவனிடம் அடுத்த படியில் காசு கேட்பது சரியில்லை. காசு இருக்கிறவன் கட்டுவான். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை, துப்புரவு வேலை செய்பவர், அந்தக் காசுக்குப் பயந்தே ரியூப்பைத் தொடமாட்டேன் என்கிறார். நான் வெட்டிய ஒரு நட்சத்திரம் இதற்கு.

ஆயத்தம் பற்றி எங்கட ஆட்களுக்கு இரண்டு வார்த்தை. சில நாளைக்கு முதலே நார், விதை எல்லாம் விடவேண்டும். தவிட்டுப் பாண் கூடாது, வெள்ளைப் பாண் நல்லது. சிவப்பரிசி கூடாது, வெள்ளைச் சோறு நல்லது. வாழ்நாள் முழுக்க எங்களுக்குச் சொன்ன புத்திமதியைத் தலைகீழாக்கினால் சரி. கத்தரிக்காய், தக்காளி, கீரை, மிளகாய் விதை எல்லாம் வெளியே. முதல்நாள் தோடம்பழச் சுவை என்று சொல்லி ஒரு மருந்து குடிக்கத் தந்தார்கள். உப்புக்கடலில் தோடம்பழத் தோலை ஊறவைத்த சுவை. குளிரவைத்து, ஸ்ட்ரோ போட்டு, இடையில் வெறும் தேத்தண்ணி குடித்து இறக்கினேன். அன்றிரவு எங்கும் போக நினைக்காதீர்கள்.

அன்றைக்கு 'ரூஸ்யே' என்று ஒரு ஊசி, சின்ன வெறி என்று அர்த்தம். கள்ளுக் குடித்த மாதிரி நித்திரையும் இல்லை விழிப்பும் இல்லை. திரையில் என் குடல் தெரிந்தது, இளஞ்சிவப்பாக, நனைந்த சுரங்கம்போல. ஒரு வளைவில் வைத்தியர் "ஹா" என்றார். செவ்வந்தி மொட்டு மாதிரி ஒன்று காம்போடு நின்றது. கம்பி வளையம் ஒன்று வந்து, காம்பைச் சுற்றி இறுகி, மொட்டு விழுந்தது. நோகவில்லை. மொத்தம் மூன்று, பெரியது 12 மில்லிமீற்றர். புற்றுநோய் இல்லை, விட்டிருந்தால் ஒருநாள் ஆகியிருக்கக்கூடிய வகை. ஐந்து வருடத்தில் திரும்ப வரச் சொன்னார்கள். கார் ஓட்டக்கூடாது என்றதால் மருமகன் வந்து ஏற்றிக்கொண்டு போனார்.

பிறகுதான் இந்த நாட்டின் கணக்கைத் தேடி வாசித்தேன். சோதனை தொடங்கியதும் குடல் புற்றுநோய் திடீரென்று ஏறி 2015இல் உச்சத்துக்குப் போயிருக்கிறது. ஒளிந்து கிடந்ததெல்லாம் வெளியே வந்த ஏற்றம் அது. பிறகு இறங்கி, 2019இல் தொடங்கமுந்தி இருந்ததைவிடக் கீழே போய்விட்டது. என்னைப்போன்றவர்களின் மொட்டுகள் வெட்டுப்பட்ட கணக்கு அந்த இறக்கத்துக்குள் இருக்கிறது.

வெளிநாட்டுப் பின்னணி உள்ளவர்கள் குறைவாகத்தான் ரியூப்பைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்றும் இருந்தது. எங்களைத் தனியாக எண்ணியதை நான் காணவில்லை. அம்ஸ்ரடாமில் ஹீலியுஸ் என்று பெரிய உடல்நல ஆய்வு நடக்கிறது. சுரினாம், துருக்கி, மொறொக்கோ, கானா ஆட்களை ஒல்லாந்தரோடு வைத்துப் பார்க்கிறார்கள். எங்களுக்குத் தனி இடமில்லை, இந்தியாவிலிருந்து சுரினாமுக்குப் போனவர்களின் வழிவந்த ஹிந்துஸ்தானிகளின் வாலில்தான் எங்கட பங்கு. சீனி வருத்தத்துக்கு அந்த ஆட்களை முந்திய வயதிலேயே சோதிக்கவேண்டும் என்று குடும்ப வைத்தியர்களின் வழிகாட்டியில் இருக்கிறது. என் வைத்தியர் அந்த வரிசையில் என்னையும் போட்டுவிட்டார். அதனால் சீனியும் பிறசரும் எங்கட ஆட்களுக்குத் தெரியும். டென் ஹெல்டர் பிள்ளையார் கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையில் நின்றால் ஆருக்கு எத்தனை சீனி என்று கேட்காமலே சொல்வார்கள். குடலைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. போன வருடம் நான் தொடங்கினேன். ஒருவர் சாம்பார் வாளியைக் காட்டி, "அண்ணை, சாப்பிட்ட பிறகு கதையுங்கோ" என்றார். சாப்பிட்ட பிறகு நாலு பேர் தேடி வந்தார்கள். இரண்டு பேர் வீட்டில் உறை இன்னும் உடைக்காமல் கிடக்கிறதாம்.

இந்த வருடம் மனிசிக்கு உறை வந்தது. அவ 1966. ஒரு சத்தமும் இல்லை. மூன்றாம் நாள் தேசிக்காய் ஊறுகாய் எடுக்கப் போனேன். போத்தலுக்குப் பின்னால், பைக்குமேல் பை சுற்றி, றப்பர் போட்டு ஒன்று இருந்தது. கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து, வெறுஞ்சோற்றைத் தயிரோடு சாப்பிட்டேன்.