தெருவோடு காப்பதா, வீடு வீடாகக் காப்பதா: செட்டிநாட்டுக்கு எது சரிவரும்?

செட்டிநாட்டுப் பழைய வீடுகளைக் காப்பாற்ற மூன்று வழிகள் கண்ணெதிரே இருக்கின்றன. தெருக்களை மொத்தமாக மரபுப் பகுதியாக அறிவிப்பது ஒன்று. சிறப்பான வீடுகளை மட்டும் பட்டியலில் சேர்ப்பது இன்னொன்று. எந்த விதியும் வேண்டாம், சொந்தக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் பார்த்துக்கொள்வார்கள் என்று விடுவது மூன்றாவது. யுனெஸ்கோவைத் தனி வழியாகச் சொல்பவர்களும் உண்டு. 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் அதன் உத்தேசப் பட்டியலில், அதாவது பின்னால் பரிசீலிக்க வேண்டிய இடங்களின் பட்டியலில், இருப்பது உண்மைதான். ஆனால் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற வேண்டுமானால் உள்ளூரில் சட்டப் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேட்பார்கள். கடைசியில் முதல் இரண்டில் ஒன்றுக்குத்தான் வந்து நிற்க வேண்டும்.

மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம். கானாடுகாத்தான், கோத்தமங்கலம், கடியாபட்டி பக்கம் ஹோட்டலாக மாறிய வீடுகள் அருமையாக இருக்கின்றன. ஆத்தங்குடிக் கல் பதிப்பவர்களுக்கும் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களுக்கும் அவை பிழைப்பு தருகின்றன. ஆனால் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் எத்தனை வீட்டை ஹோட்டலாக்க முடியும்?

வீடு வீடாகப் பட்டியலிடும் முறைக்கு மும்பையின் 1995 விதிகள் முன்மாதிரி. கட்டடங்களை மூன்று தரமாகப் பிரித்து, தரத்துக்கேற்பக் கட்டுப்பாடு வைத்தார்கள். இதில் எதிர்ப்பு குறைவு, வேலையும் சீக்கிரம் நடக்கும். காரைக்குடியின் கடைத்தெருப் பகுதிகளுக்கு இதுதான் சரி. அங்கே பழையதும் புதியதும் கலந்துவிட்டன, முழுத் தெருவாக மிஞ்சியது கொஞ்சம்தான். ஆனால் கிராமங்களில் இதே முறை கெடுதலாகும். பட்டியலில் ஏறுவது பெரிய அரண்மனை வீடுகள்தான். அதற்குப் பக்கத்தில் இரண்டு கட்டோடு நிற்கும் நடுத்தர வீடு விடுபடும். விடுபட்டதென்றாலே இடிக்கலாம் என்று அர்த்தமாகிவிடும். அந்த வீட்டின் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போகும். பெரிய வீடுகளில் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், கொல்லை வாசல் அடுத்த தெருவில் திறக்கும். அப்படி ஒன்றை இடித்தால் இரண்டு தெருவிலும் பொக்கை விழும்.

அதனால் கிராமங்களுக்குப் பகுதி அறிவிப்புதான் என் தேர்வு. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931-லேயே இதைச் செய்தது. தெருவிலிருந்து தெரியும் வெளிப்புறத்தை மாற்ற ஒரு குழுவின் ஒப்புதல் வேண்டும், உள்ளே உங்கள் விருப்பம். இதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் போதாது. செட்டிநாட்டு வீட்டின் உயிர் உள்ளே, முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் வளவில் இருக்கிறது. வெளியே மதில் மேல் சுதை லட்சுமி பத்திரமாக இருக்க, உள்ளே பர்மா தேக்குத் தூண்கள் ஒவ்வொன்றாக லாரியேறினால் என்ன பிரயோஜனம்? அதற்காகக் குளியலறை கட்டுவதற்கெல்லாம் அனுமதி கேட்க வைக்கவும் கூடாது. தூண், நிலை, கூரை ஆகியவற்றைக் கழற்றுவதற்கு மட்டும் அனுமதி என்று வைத்தால் போதும்.

பங்காளி விவகாரத்துக்கும் இந்த விதி உதவும். ஒரு வீட்டுக்குப் பதினைந்து, இருபது பங்குதாரர்கள் இருப்பது இங்கே சாதாரணம். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் போனே எடுப்பதில்லை. பழுது பார்க்கலாம் என்றால் ஒத்த கருத்து வராது. மரத்துக்கு விலை பேச ஆள் வந்தால் மட்டும் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், ஏனென்றால் வீட்டைப் பங்கு போடுவதைவிடப் பணத்தைப் பங்கு போடுவது சுலபம். பிரித்து விற்கவே முடியாது என்று சட்டம் சொன்னால் அந்தப் பேச்சு எழாது.

ஆனால் சட்டம் ஓடு மாற்றாது. நாட்டு ஓடு ஒன்று விலகினால் போதும், ஐப்பசி மழை கைமரத்தில் இறங்கும். அப்புறம் சுவர் உப்பும். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துக் கண்ணாடியாக இழைத்த பூச்சு செதில் செதிலாக உதிரும். பணம் இல்லாமல் தடை மட்டும் போட்டால், இடிக்காமலே வீடு விழும். புதுச்சேரி வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றிய நிதியோடு வரிசையாக வீட்டு முகப்புகளைச் சீரமைத்தார்கள், 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. அகமதாபாத்தில் பழைய வீட்டுக்காரர்கள் தாங்கள் பயன்படுத்தாத மாடி கட்டும் உரிமையை வேறு இடத்தில் கட்டுபவர்களுக்கு விற்கலாம். 2024-ல் மாநகராட்சியான காரைக்குடியில் அதை முயன்று பார்க்கலாம். கானாடுகாத்தானில் அந்த உரிமையை வாங்க யார் வருவார்கள்? அங்கே நேரடி மானியம்தான் வேண்டும், அதுவும் முகப்புக்கு வண்ணம் அடிக்க அல்ல, கூரைக்கு.

மரபு ஆணையத்துக்கான சட்டத்தைத் தமிழ்நாடு 2012-லேயே இயற்றிவிட்டது. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் முழுசாக நிற்கும் சில தெருக்களில் தொடங்கலாம். கூட்டத்தை அலுவலக வசதிக்கு ஒரு புதன்கிழமை வைக்காமல், முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்குப் பங்காளிகள் ஊர் வந்திருக்கும் நாளில் வைக்க வேண்டும். வேறு நாளில் கூப்பிட்டால் வீட்டுக்காரர்களில் பாதிப்பேர்கூட வரமாட்டார்கள்.