உடல் திருடனின் கதை: வாசகர் புகார்களில் எது நியாயம்?

ஆன் ரைஸ் 1992-இல் வெளியிட்ட 'தி டேல் ஆஃப் தி பாடி தீஃப்' நாவல், அவருடைய இரத்தக் காட்டேரி வரிசையில் நான்காவது. முந்தைய மூன்றையும் விரும்பிப் படித்தவர்களே இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். வரிசையிலேயே மனத்துக்கு நெருக்கமான நூல் இதுதான் என்பவர்கள் ஒருபுறம். வரிசையின் நாயகனான காட்டேரி லெஸ்டாட் மீது வைத்திருந்த மதிப்பு இந்த நாவலோடு போயிற்று என்பவர்கள் மறுபுறம். புகார்களில் சில முற்றிலும் நியாயமானவை என்றாலும், மிகுதியாகத் திட்டு வாங்கும் அதன் முடிவுதான் இந்நாவலைக் காப்பாற்றுகிறது என்பது என் கருத்து. முடிவைத் தொடாமல் இதை விளக்க இயலாது. கதையை முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் பிரபுக் குடும்பத்தில் பிறந்து, இருநூறு ஆண்டுகளாக இரவை மட்டுமே பார்த்துச் சலித்துப்போன லெஸ்டாட், கோபி பாலைவனத்தின் மேல் சூரியனை நோக்கிப் பறந்து உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்க்கிறான். சாவு வரவில்லை, தோல் பழுப்பேறியதுதான் மிச்சம். இந்த நிலையில்தான், தன் ஆன்மாவைப் பிறர் உடலுக்குள் செலுத்தத் தெரிந்த ராக்லன் ஜேம்ஸ் என்பவன், உடல் மாற்றம் பற்றிய சிறுகதைகளை லெஸ்டாட்டின் கையில் திணித்துவிட்டு ஓடுவதும், மறுபடி எதிர்ப்படுவதுமாகத் தூண்டில் போடுகிறான். அவன் ஏற்கெனவே திருடி வைத்திருக்கும் ஓர் இளைஞனின் உடலைச் சில நாட்களுக்கு லெஸ்டாட் எடுத்துக்கொள்ளலாம்; பதிலாகக் காட்டேரியின் உடலும் பெருந்தொகையும் ஜேம்ஸுக்கு.

இங்கே எழும் முதல் புகார், கதை நகர மறுக்கிறது என்பதோடு, இப்படியொரு அப்பட்டமான மோசடியில் லெஸ்டாட் சிக்குவது நம்பும்படியாக இல்லை என்பதும்தான். இடையன் மூலனின் உடலுக்குள் புகுந்த சித்தர் திரும்பி வந்து பார்த்தபோது தம் பழைய உடலைக் காணவில்லை என்ற திருமூலர் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஜேம்ஸ் திரும்பி வரமாட்டான் என்பது பேரம் பேசும் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் அது லெஸ்டாட்டுக்கும் தெரியாமல் இல்லை. அமானுஷ்யங்களை ஆராயும் தலமாஸ்கா என்ற அமைப்பின் தலைவரும் அவனுடைய ஒரே மனித நண்பருமான எழுபத்து நான்கு வயது டேவிட் டால்பட், வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொள்கிறார். ஜேம்ஸ் அதே அமைப்பிலிருந்து திருட்டுக்காக வெளியேற்றப்பட்டவன் என்பதையும் சொல்கிறார். அத்தனையும் கேட்டுவிட்டுத்தான் அவன் போகிறான். அவனை ஏமாளி என்பதைவிட, ஏமாறவும் துணிந்தவன் என்பதே சரி. கதை நகர மறுக்கிறது என்ற குறையை மட்டும் மறுப்பதற்கில்லை. முதல் நூறு பக்கங்களில் கடவுளையும் சாத்தானையும் பற்றி டேவிட்டோடு நடக்கும் உரையாடல்களைப் பாதியாக வெட்டியிருந்தாலும் நட்டம் ஒன்றுமில்லை.

உடல் மாறிய பிறகு வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பகுதியில், பனிக்காலத்தில் நடக்கும் பகுதியை இரு கட்சியினருமே புகழ்கிறார்கள். நானும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறேன். மனிதனாகிவிட்டால் உலகம் இனிக்கும் என்று எண்ணியிருந்தவனுக்கு முதலில் வாய்ப்பது மங்கலான பார்வை. இருட்டில் எதுவும் துலங்கவில்லை. எலும்பு வரை குளிர்கிறது, நடந்தால் வழுக்குகிறது, ஆசையோடு வாயில் வைத்த உணவு சப்பென்று இருக்கிறது. சிறுநீர் கழிப்பதையே தாங்கமுடியாத அவமானமாக அவன் உணரும் இடத்தில் சிரிக்காமல் இருப்பது கடினம். பிறகு சளி, காய்ச்சல், நிமோனியா. அழியாத உடலின் திமிரில் குளிரைப் பொருட்படுத்தாமல் திரிந்தவன் சில நாட்களுக்குள் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறான். இதற்கிடையில் மோஜோ என்ற பெரிய ஜெர்மன் ஷெப்பர்ட் நாய் அவனோடு ஒட்டிக்கொள்கிறது. நாவலைப் பிடிக்காதவர்கள்கூட மோஜோவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் போவதில்லை.

இதே பகுதியில்தான், எந்தச் சமாதானமும் எடுபடாத அத்தியாயமும் வருகிறது. உணவகப் பணிப்பெண் ஒருத்தியின் வீட்டுக்குச் செல்லும் லெஸ்டாட், அவள் மறுத்தும் வல்லுறவு கொள்கிறான். அவன் கொலைகாரன் என்பதை மூன்று நாவல்களாக ஏற்றுக்கொண்டவர்கள் இதற்கு மட்டும் ஏன் அதிர்ச்சியடைய வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. என் ஆட்சேபம் அவன் தீயவன் என்பதில் இல்லை. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததைக் காட்டிலும் அவனுக்கு ஏற்பட்ட ஏமாற்றமே பெரிதென்பது போல் கதை அவளைக் கைவிட்டு நகர்ந்துவிடுவதுதான் உறுத்துகிறது. அவனைப் பராமரித்துக் குணப்படுத்தும் கன்னியாஸ்திரி கிரெட்சென் அடுத்து வரும்போது, ஆசிரியரின் கனிவு முழுவதும் அவள் பக்கம் சாய்ந்திருப்பதால் அந்த உறுத்தல் இன்னும் கூடுகிறது.

உடலை மீட்பதற்காக 'குயின் எலிசபெத் 2' கப்பலில் நடக்கும் துரத்தல் விறுவிறுப்பானது என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது வேறு யாரோ எழுதிய துப்பறியும் கதையின் அத்தியாயம் போலவே பட்டது.

முடிவுக்கு வருவோம். கப்பலில் நடந்த குழப்பத்தில் முதியவர் டேவிட் அந்த இளைஞனின் உடலுக்குள் வந்துசேர்கிறார்; அவருடைய பழைய உடலுக்குள் புகுந்துகொண்ட ஜேம்ஸ், லெஸ்டாட்டை ஏமாற்ற முயன்று அந்த உடலிலேயே சாகிறான். நோயும் முதுமையும் நீங்கி, இன்னொரு முழு வாழ்க்கை டேவிட் முன்னால் விரிந்து கிடக்கிறது. காட்டேரியாவதற்கு அவர் முன்பே மறுத்திருக்கிறார். அப்படியிருந்தும் பார்படோஸில் லெஸ்டாட் அவரைப் பலவந்தமாகக் காட்டேரியாக்குகிறான். துரோகம் என்று வாசகர்கள் கொதிப்பது இதற்காகத்தான். மனிதனாக வாழ்ந்து பார்த்தவன் திருந்தியிருப்பான் என்று எதிர்பார்த்த நம்மை ஆசிரியர் வேண்டுமென்றே காத்திருக்க வைத்திருக்கிறார். ஜேம்ஸ் ஓர் இளைஞனின் உடலைத் திருடினான். டேவிட்டுக்குக் கிடைத்த மனித வாழ்வையே லெஸ்டாட் திருடிக்கொள்கிறான். தலைப்பில் உள்ள திருடன் யார் என்ற கேள்வி இதற்குப் பிறகு அத்தனை எளிதாக இல்லை.

நாவல் முழுவதும் லெஸ்டாட்டைத் தொடரும் கிளாடியாவின் உருவமும் இங்கேதான் பொருள்படுகிறது. 1972-இல் ஐந்து வயது மகளை இரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஆன் ரைஸ், 1976-இல் வந்த முதல் நாவலில், சாகக் கிடந்த அதே வயதுச் சிறுமி கிளாடியாவை லெஸ்டாட் காட்டேரியாக்கியதாக எழுதினார். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று அவன் இதுவரை சொல்லிவந்த காரணம், சாகும் நிலையில் இல்லாத டேவிட்டின் விஷயத்தில் செல்லாது. பிறகு டேவிட் மிக எளிதாக மன்னித்து, உள்ளூரத் தானும் இதை விரும்பியதாகச் சொல்லிவிடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சம்மதமில்லாமல் நடந்ததைப் பின்னால் வந்த சம்மதத்தால் மூடி மறைக்கும் அந்தச் சில பக்கங்கள் அதுவரை கட்டிய கடுமையைத் தளர்த்திவிடுகின்றன.

இந்த வரிசைக்குள் புதிதாக நுழைபவர்கள் இதிலிருந்து தொடங்க வேண்டாம். முதல் நாவலைப் படிக்காதவர்களுக்குக் கிளாடியாவின் குற்றச்சாட்டு வெறும் பேய்க்காட்சியாகத்தான் தெரியும். உடல் இழந்து வந்து கெஞ்சும் லெஸ்டாட்டை மீண்டும் காட்டேரியாக்க, முன்பு அவனாலேயே காட்டேரியான லூயி மறுக்கும் காட்சியின் சூடும் விளங்காது. முதல் மூன்றையும் முடித்தவர்கள் தயங்காமல் எடுக்கலாம்.