மூன்று வருச ஆட்டு இன்சூரன்ஸும் காதுத் தோடும்

தங்கை வீட்டு மாப்பிள்ளை போன வாரம் போன் பண்ணினார். "மச்சான், ஆட்டுக்கு இன்சூரன்ஸ் பணம் வந்துச்சாமே, நானும் போடலாமுங்களா?" அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

காங்கேயம் பக்கம் கிளுவை முள்வேலி போட்ட கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், 22 மேச்சேரி இனச் செம்மறித் தாய் ஆடுகள் வைத்திருக்கிறேன். கிடாக்குட்டிகள் சில மாதத்தில் விற்றுவிடும் என்பதால் தாய் ஆடுகளுக்கு மட்டும் மூன்று வருசம் அரசு மானியக் காப்பீடு போட்டிருந்தேன். 2024-ல் விதியை மாற்றிய பிறகு பிரீமியத்தில் நம் பங்கு 15 சதவீதம்தான், மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. டீச்செலவு மாதிரிதான், அதில் குறையே சொல்ல மாட்டேன்.

என் கோபமெல்லாம் காதுத் தோட்டின் மேல்தான். மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை, அதில் 12 இலக்க எண். ஆடு செத்தால் அந்தத் தோட்டை ஒப்படைக்க வேண்டும். தோடு இல்லையென்றால் பணம் இல்லை. ஆள் மாறாட்டம் நடக்கக் கூடாது என்று வைத்த விதி, அது நியாயமே. ஆனால் கொறங்காட்டு ஆடு கிளுவைக்குள் தலையை விட்டுத் தழை கடிக்கும், வெள்வேல மரத்தடியில் காய் பொறுக்கும். இழுத்துக்கொண்டு தலையை வெளியே எடுக்கும்போது தோடு முள்ளில் மாட்டும். காது கிழியும், தோடு போய்விடும். மழைக்காலமென்றால் கிழிந்த இடத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். வேப்பெண்ணெய் தடவித் தடவி ஆற்றிய காதையே மறுபடி துளைக்க வேண்டும். மூன்று வருசத்தில் ஒன்பது தோடு இப்படிப் போயிருக்கிறது.

போன தை மாதம் ராத்திரி நாய்கள் பட்டிக்குள் புகுந்தன. விடிந்து போய்ப் பார்த்தால் ஏழு ஆடுகள் கிடக்கின்றன. நாலு ஆட்டுக்குத் தோடு காதிலேயே இருந்தது. ஒன்றுக்குக் காதையே நாய் கடித்துப் பிய்த்திருந்தது. நானும் வீட்டுக்காரியும் கொழுக்கட்டைப் புல்லை விலக்கி விலக்கித் தேடினோம். ரத்தம் காய்ந்து, ரோமம் ஒட்டின காதுத் துண்டோடு தோடு கிடைத்தது. செத்த ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தண்ணீர் விட்டுக் கழுவி எண்ணைப் படித்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மீதி இரண்டுக்கும் தோடு முன்பே முள்ளில் போய்விட்டது. மறு தோடு கேட்டு இரண்டு முறை அலைந்தேன், இருப்பு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டுக்கும் ஒரு ரூபாய் வரவில்லை. அதில் ஒன்று ஈத்துக்கு ஈத்து தவறாமல் குட்டி போட்ட ஆடு.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். தகவல் சொன்ன அன்றைக்கே டாக்டர் வந்து பிரேதப் பரிசோதனை செய்தார், படம் எடுத்தார், சான்று எழுதிக் கொடுத்தார். என் பாலிசியில் நாய்க்கடியை விபத்துச் சாவாகவே எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் மாதம் ஐந்து ஆட்டுக்கும் முழு மதிப்பும் பேங்கில் ஏறியது. யாரும் கையை நீட்டவில்லை. அந்தப் பணம் இல்லையென்றால் பட்டியை மறுபடி நிரப்பியிருக்கவே முடியாது.

திருட்டு என் பாலிசியில் கிடையாது. நோய்ச் சாவுக்கு முதல் 15 நாள் பணம் இல்லை, அதனால் ஆட்டுக்கொல்லி நோய் பரவிய பிறகு ஓடிப் போய்ப் போட்டுப் பயனில்லை. தடுப்பூசிச் சான்றும் கேட்பார்கள். அப்புறம் ஒன்று, ஆடு திடீரென விழுந்து செத்து மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம் வந்தால் அடைப்பான் என்கிற ஆந்த்ராக்ஸ் நோயாக இருக்கலாம். இன்சூரன்ஸுக்காக அதை யாரும் அறுக்கக் கூடாது, டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடாமல் விட வேண்டும்.

மாப்பிள்ளை வளர்ப்பது பரண்மேல் வெள்ளாடு. முள்ளும் இல்லை, வேலியும் இல்லை. அவரை உடனே போடச் சொல்லிவிட்டேன். தோடு போட்ட அன்றைக்கே ஒவ்வொரு ஆட்டையும் எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைக்கவும் சொன்னேன்.

நான் இந்த வருசம் புதுப்பிக்கவில்லை. கணக்குப் பார்த்தால் போடுவதுதான் சரி, எனக்கும் தெரிகிறது. ஆனால் புதிதாக வாங்கி வந்த ஏழு ஆடுகளின் காதும் முழுசாக இருக்கிறது. அதைப் பிடித்துத் துளைக்க இப்போதைக்கு மனசு வரவில்லை. பட்டியைச் சுற்றிக் கம்பி வலை அடித்திருக்கிறேன்.