டெஸ்டோஸ்டிரோன் ஊசியா, க்ளோமிஃபீன் மாத்திரையா, எச்.சி.ஜி. ஊசியா?

ரிப்போர்ட்டில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று வந்தால், அதையே ஊசியாகப் போட்டுக்கொள்ளலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். குழந்தைக்காகக் காத்திருப்பவர் செய்யக்கூடாததே அதுதான். ஹார்மோன் வெளியிலிருந்து வந்ததும் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, விரையைத் தூண்டும் தன் ஹார்மோன்களான எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். இரண்டையும் அடக்கிவிடும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஏறும், விரைக்குள் சரிந்துவிடும். விந்தணு உருவாக ரத்தத்தில் இருப்பதைப்போலப் பல மடங்கு விரைக்குள் இருக்க வேண்டும். இந்த ஊசியை வாரம் 200 மில்லிகிராம் கொடுத்து, ஆண் கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்திருக்கிறது! உடம்பு தெம்பாகி, ஆசையும் கூடுவதால் போட்டுக்கொள்பவருக்குச் சந்தேகமே வராது. விந்துப் பரிசோதனையில்தான் குட்டு வெளிப்படும்.

க்ளோமிஃபீன் நேர்மாறு. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் போதவில்லை என்று மூளையை நம்பவைத்து, எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். இரண்டையும் கூட்டும். வழக்கமாக தினம் 25 மில்லிகிராம், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் 50. விலையும் குறைவு. பெண்களுக்குச் சினைமுட்டை வெளிவரத் தரும் அதே மாத்திரைதான், மருந்துக் கடைக்காரர் "வீட்டம்மாவுக்கா?" என்று கேட்டால் குழம்ப வேண்டாம். பார்வை மங்கினால் மட்டும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் பிட்யூட்டரி வேலை செய்தால்தான் இது பலிக்கும்.

பிட்யூட்டரியே மௌனமாக இருந்தால் எச்.சி.ஜி.தான். கால்மேன் நோய்க்குறி உள்ளவர்கள் இந்த வகை: பருவமாற்றம் சரியாக வந்திருக்காது, மல்லிகைப்பூ வாசனைகூடத் தெரியாது. எச்.சி.ஜி. என்ற ஹார்மோன், எல்.ஹெச். செய்யும் வேலையைச் செய்யும். வாரம் இரண்டு மூன்று முறை தொப்புளுக்குப் பக்கத்தில் தோலுக்கடியில் போட வேண்டும். கலக்கிய மருந்து ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். சில மாதங்களில் விந்தணு தென்படாவிட்டால் எஃப்.எஸ்.ஹெச். ஊசியும் சேரும், செலவு எகிறுவது அங்கேதான். ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகலாம். ஆனாலும் ஹார்மோன் சிகிச்சை நன்றாகக் கைகொடுப்பது இவர்களுக்குத்தான் என்பேன்.

சரி, யாருக்கு எது? காலையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன், எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்., ப்ரோலாக்டின் (பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோன்) அளவுகள் இல்லாமல் மருந்து எழுதினால், ஏன் என்று கேளுங்கள். ப்ரோலாக்டின் கூடியிருந்தால் பெரும்பாலும் அதைக் குறைக்கும் கேபர்கோலின் மாத்திரையே போதும். எஃப்.எஸ்.ஹெச். எகிறி, விரையும் சிறுத்திருந்தால் கோளாறு விரையிலேயே இருக்கிறது. இந்த மூன்றில் எதையும் நம்பி மாதங்களைக் கழிக்க முடியாது. விரையிலிருந்தே விந்தணு எடுத்து இக்ஸி (ஒரு விந்தணுவை நேராகச் சினைமுட்டைக்குள் செலுத்தும் முறை) செய்ய முடியுமா என்று நேராகக் கேட்டுவிடலாம்.

எந்தச் சிகிச்சையானாலும் ஒரு விந்தணு உருவாகச் சுமார் 70 நாளுக்கு மேல் ஆகும். மாதாமாதம் லேபுக்கு ஓடிப் பயனில்லை, மூன்று மாதம் பொறுங்கள். ஜிம்மில் ஏற்கெனவே டெஸ்டோஸ்டிரோன் போட்டவர் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது: நிறுத்திய பிறகு அணு திரும்ப ஆறு மாதம், சிலருக்கு வருடக்கணக்கிலும் ஆகும்.