வெறும் கோகோ பீட்டில் தக்காளி: எந்த உரம் கைகொடுக்கும்?

செடி தளதளவென்றுதான் இருந்தது. காய் எலுமிச்சை அளவுக்கு வந்த பிறகு ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குக் கறுத்து, தோல் போல இறுகிப்போயிருந்தது. பக்கத்துக் காயிலும் அப்படியே. பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. கால்சியம் போதாமல் வரும் அடி அழுகல் அது. அதுவரை நான் தவறாமல் உரம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் அந்த உரத்தில் கால்சியம் துளியும் இல்லை.

மாடித்தோட்டத்தில் எடை குறைய வேண்டுமென்று மண்ணே கலக்காமல் கோகோ பீட்டை, அதாவது தேங்காய் நார்த்தூளை, மட்டும் நிரப்புகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அதன் குணத்தை. தேங்காய் நார்த்தூளில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் ஏராளம். நாம் ஊற்றும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தூள் பிடித்து வைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாகத் தன்னிடமுள்ள பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வேர்ப்பக்கம் விட்டுவிடும். மண் தன் கையிருப்பிலிருந்து கொஞ்சமாவது கொடுக்கும். கோகோ பீட் கொடுக்காது. அதனால் எந்த உரத்தை எடுத்தாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: இதில் கால்சியம் எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்வியில் முதலில் தோற்பது எல்லாரும் வாங்கும் 19:19:19 (தழைச்சத்தான நைட்ரஜன், மணிச்சத்தான பாஸ்பரஸ், சாம்பல்சத்தான பொட்டாசியம் மூன்றும் தலா 19 சதவீதம்). தண்ணீரில் சட்டென்று கரையும், எந்த உரக்கடையிலும் கிடைக்கும், இலை இரண்டே வாரத்தில் கருகருவென்று பச்சை கட்டும். ஆனால் அதில் கால்சியமும் இல்லை, மக்னீசியமும் இல்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அதிலுள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கிறது. யூரியாவை வேர் எளிதாக எடுக்கும் வடிவத்துக்கு மாற்ற நுண்ணுயிர்கள் வேண்டும். புதிதாகக் கழுவிய நார்த்தூளில் அவை சொற்பம். யூரியா மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், கரைந்த உப்பை மின்கடத்தலை வைத்து அளக்கும் இ.சி. மீட்டரிலும் தெரியாது. மீட்டர் குறைவாகக் காட்டுகிறதே என்று உரத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். மண் கலந்த தொட்டியில் கீரைக்கு 19:19:19 நல்ல உரம்தான். வெறும் கோகோ பீட்டில் தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் அதை மட்டும் நம்பக் கூடாது.

பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம், மீன் அமிலம் பக்கம் சாய்ந்தவர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம். நானும் 3 சதவீதப் பஞ்சகவ்யாவை, அதாவது 10 லிட்டருக்கு 300 மில்லி, இலைமேல் தெளிப்பவன்தான். ஆனால் இவை உயிருள்ள மண்ணை நம்பிய முறைகள். இயற்கை வழிதான் வேண்டுமென்றால் தூளை மாற்ற வேண்டும்: மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரம் சேர்க்கலாம், அல்லது மக்கிய நார்க்கழிவு உரத்தை வாங்கலாம். பச்சை நார்க்கழிவில் கரிமம் தழைச்சத்தைப்போல நூறு மடங்குக்கு மேல் இருக்கும். அது மக்கும்போது செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைக்கச் சொல்வது இதனால்தான். சொட்டுநீர் போட்டிருந்தால் இன்னொரு தொல்லை: வடிகட்டினாலும் இந்தக் கரைசல்கள் சொட்டுவானை அடைக்கக்கூடும்.

மிச்சம் இரண்டு வழிகள். ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக விற்கும் ஹைட்ரோபோனிக் (மண்ணில்லா வளர்ப்புக்கான) உரம், அல்லது தனித்தனி உப்புகளை வாங்கி நாமே கலப்பது.

ஏன் இரண்டு பாட்டில் என்று கேட்பவர்களுக்கு, நான் ஒருமுறை செய்த தப்பே பதில். நேரம் மிச்சம் என்று கால்சியம் நைட்ரேட்டையும் மோனோ அமோனியம் பாஸ்பேட்டையும் ஒரே குவளையில் கெட்டியாகக் கரைத்தேன். கண்ணெதிரே மோர் போல வெளுத்து, அடியில் மாவாகப் படிந்தது. கால்சியமும் மணிச்சத்தும் கைகோத்துக் கரையாத உப்பாகிவிட்டன, இரண்டுமே செடிக்கு நட்டம். சல்பேட்டோடு சேர்த்தாலும் இதே கதை, ஜிப்சம் படியும். நன்றாக நீர்த்த நிலையில் மட்டுமே இவை ஒன்றாக இருக்கும்.

நாலைந்து செடிப் பை மட்டும் வைத்திருப்பவர்கள் ஏ-பி பாட்டிலையே வாங்கிக்கொள்ளுங்கள். நுண்ணூட்டமும் உள்ளேயே இருக்கும், எடைபோடும் வேலை கிடையாது. பத்துப் பைக்கு மேல் போனால் பாட்டில் கட்டுப்படியாகாது, காசு கொடுத்துத் தண்ணீரைத்தான் சுமந்து வருகிறோம். நான் இப்போது 10 லிட்டருக்குக் கலப்பது இது: கால்சியம் நைட்ரேட் 8 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் (13:0:45) 3 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் (0:52:34) 2 கிராம், மக்னீசியம் சல்பேட் 4 கிராம், நுண்ணூட்டக் கலவை பொட்டலத்தில் சொன்ன அளவு. முதலில் வாளி நிறையத் தண்ணீர், அதில் மற்ற உப்புகளை ஒவ்வொன்றாகக் கரைத்துவிட்டு, தனியாகக் கரைத்த கால்சியம் நைட்ரேட்டைக் கடைசியில் ஊற்ற வேண்டும். நகை எடைபோடுவது போன்ற சின்னத் தராசு ஒன்று அவசியம். தேக்கரண்டிக் கணக்கு இங்கே உதவாது.

இந்தக் கலவை தண்ணீரின் இ.சி.யோடு ஏறக்குறைய 1.5 (mS/cm) கூட்டும். ஆகவே தண்ணீர் எப்படி என்பதுதான் அடுத்த விஷயம். போர் தண்ணீரே 1-ஐத் தாண்டினால் உப்பைக் குறைக்க வேண்டும், அல்லது மழைநீர் கலக்க வேண்டும். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் நீரைச் செடிக்கு விடுகிறவர்கள் உண்டு, அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும், கோகோ பீட்டுக்கு வேண்டவே வேண்டாம். பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) காட்டும் பேனா மீட்டர் வைத்திருந்தால் அது எந்தக் கணக்கில் காட்டுகிறது என்று பாருங்கள். இ.சி. 1.4 உள்ள ஒரே கரைசலை ஒரு மீட்டர் 700 என்றும் இன்னொன்று 980 என்றும் காட்டும். ஒருவர் சொன்ன எண்ணை மற்றவர் அப்படியே பின்பற்றிச் செடியைக் கருக்குவது இப்படித்தான். பி.எச்., அதாவது அமில-கார அளவு, 5.8 முதல் 6.2 வரை இருந்தால் நல்லது. போர் தண்ணீர் பெரும்பாலும் 7-க்கு மேல் இருப்பதால், நான் பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு இறக்குகிறேன்.

ஊற்றும் முறையும் மாற வேண்டும். வாரம் ஒருமுறை உரம், மற்ற நாள் வெறும் தண்ணீர் என்பது மண்ணுக்கான பழக்கம். கோகோ பீட்டில் தினமும் இந்த நீர்த்த கரைசலையே கொடுக்க வேண்டும், அதில் பத்தில் ஒரு பங்காவது பையின் அடியில் வழிய வேண்டும். வழிந்த நீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து அளந்தால் ஊற்றியதைவிட இ.சி. நிறையக் கூடுதலாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கூடுதலாக இருந்தால் பைக்குள் உப்பு சேர்கிறது, அன்றைக்கு வழியும் அளவைக் கூட்டுவேன்.

புதுக் கோகோ பீட் கட்டி வாங்கினால் செடி நடுவதற்கு முன்பே கால்சியத்தைக் காட்டிவிடுகிறேன். 5 கிலோக் கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை 25 லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசுவேன். வடியும் நீர் டீ நிறத்தில் வரும். அதை மற்ற தொட்டிகளுக்கு ஊற்றாமல் கொட்டிவிடுகிறேன், சோடியம் எல்லாம் அதில்தான் இறங்குகிறது.