அடிக்குறிப்பா, அடைப்புக்குறியா?

மட்டக்களப்பின் கூத்தையோ கண்ணகி வழிபாட்டையோ ஆய்வேடாக எழுதும் மாணவர்முன் உசாத்துணை காட்டும் முறைகள் மூன்று உள்ளன: சிக்காகோ முறையின் அடிக்குறிப்பு, அடைப்புக்குறிக்குள் இடும் எம்.எல்.ஏ.யின் (நவீன மொழிச் சங்கம்) ஆசிரியர்–பக்கம், ஏ.பி.ஏ.யின் (அமெரிக்க உளவியல் சங்கம்) ஆசிரியர்–ஆண்டு. இவற்றுள் நான் அடிக்குறிப்பின் பக்கமே நிற்பேன்.

எஃப். எக்ஸ். சீ. நடராசா பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ ஏ.பி.ஏ. முறையில் ‘(நடராசா, 1962)’ என்று சுருங்கிவிடும். ஏட்டிலிருந்து அச்சேறிய பழைய நூல் அது என்பதும், நடராசா அதன் பதிப்பாசிரியரே என்பதும் அடைப்புக்குறிக்குள் மறைந்துபோக, 1962இல் ஒருவர் சொந்தமாக எழுதிய வரலாறு போல அது தோற்றமளிக்கும். எம்.எல்.ஏ. ஆண்டை விட்டுப் பக்க எண்ணைத் தருவதால் இந்த மயக்கம் ஓரளவு குறையும். அடிக்குறிப்பிலோ பதிப்பு விவரத்தோடு பாடபேதத்தையும் (ஏடுகளுக்கிடையிலான சொல் வேறுபாட்டையும்) அங்கேயே சொல்லிவிடலாம்.

வாய்மொழிச் சான்றில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. வடமோடிக் கூத்தைப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார் ஒருவரிடம் ஆய்வாளர் நேரிற் கேட்டறிந்ததை ஏ.பி.ஏ. தனிப்பட்ட தொடர்பாகக் கருதி, ஆய்வேட்டின் உடற்பகுதியில் மட்டும் குறிக்கச் செய்து, உசாத்துணைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. ஆய்வின் முதன்மைச் சான்றே பட்டியலில் இல்லாமற் போவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. எம்.எல்.ஏ. அதற்குப் பட்டியலில் இடந்தருகிறது. சிக்காகோ முறையில் நேர்காணல் நடந்த ஊரையும் திகதியையும் அடிக்குறிப்பே தாங்கிக்கொள்ளும்.

அடிக்குறிப்பிலும் தொல்லை உண்டு. என் ஆய்வேட்டைக் கையளிப்பதற்கு முதல்நாள் இரவு நடுவில் ஒரு குறிப்பைச் செருகினேன். எண்கள் தாமாகவே திருந்தின, ஆனால் ‘முந்தைய குறிப்பிலுள்ள அதே நூல்’ என்ற பொருளில் அடுத்து நின்ற ‘மேலது’ வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிட்டது. சிக்காகோ கையேட்டின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு, ‘மேலது’ என்பதற்கு ஈடான ‘ibid.’ என்ற இலத்தீன் குறியைத் தவிர்த்து, ஆசிரியர் பெயரையும் குறுந்தலைப்பையும் எழுதுவதையே விரும்புகிறது. தமிழிலும் ‘மேலது’, ‘மு.கு.நூல்’ (முன் குறிப்பிட்ட நூல்) இரண்டையும் கைவிடுவதே நல்லது.

இறுதிப் பட்டியலில் மூன்று முறைகளுக்கும் ஒரே சிக்கல்தான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டுக் கணினியை வரிசைப்படுத்தச் சொன்னால், அகரம் ஆங்கில ‘எம்’ விசையிலும் ககரம் ‘எஃப்’ விசையிலும் இருப்பதால் கந்தையா அருணாசலத்தை முந்திவிடுவார். யுனிகோடுக்கு மாற்றியபின் வரிசைப்படுத்துங்கள்; இல்லையேல் கையாலேயே ஒழுங்குசெய்ய வேண்டியதுதான்.