முதல் வயலின் வாங்கப் போகும் கோலாலம்பூர் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

பிள்ளையை வயலின் வகுப்பில் சேர்த்துவிட்டு, கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் வாத்தியம் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

என் மகளுக்கு ஒன்பது வயது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு டீச்சரிடம் கர்நாடக சங்கீதம் படிக்கிறாள். அவளுக்காக நகரத்தில் ஒரு கடைக்குப் போனோம். "அக்கா, இது ஜெர்மன் வயலின், கையால செஞ்சது. உள்ள பாருங்க, ஸ்ட்ராடிவாரியஸ்னு லேபிளே இருக்கு" என்றார் விற்பனையாளர். 900 வெள்ளி என்று ஆரம்பித்து 580க்கு இறங்கினார். முழு சைஸ்தான் இருந்தது. "வளர்ற பிள்ளைதானே, சின்னது வாங்கினா மறுபடியும் செலவு" என்று அதற்கும் சமாதானம் சொன்னார். நம்பி வாங்கிவிட்டோம்.

டீச்சர் வயலினைக் கையில் எடுத்ததுமே முகம் மாறிவிட்டது. விரல் வைக்கும் பலகை கருங்காலி இல்லை, வெள்ளை மரத்துக்குக் கறுப்புச் சாயம். பிள்ளை வாசித்தால் விரலில் கறை ஒட்டுகிறது. தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரையைச் சீவிப் பொருத்தாமல் அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். தந்தி பலகையிலிருந்து அவ்வளவு உயரத்தில் நின்றதால், சின்ன விரலால் அழுத்தவே முடியவில்லை. தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிரடைகளோ திருப்பிய இடத்தில் நிற்கவில்லை. நமக்கு இது பெரிய பாதகம். மேற்கத்திய முறைப்படி போட்டு வரும் சுருதியை நாம் இறக்கி, தடித்த தந்தியிலிருந்து ச-ப-ச-ப என்று சேர்க்கிறோம். சுருதிப் பெட்டியோடு சேர்த்து முடிப்பதற்குள் பிரடை வழுக்கினால் பிள்ளை எப்போது வாசிப்பது?

அடுத்த வாரமே உள்ளே இருக்கும் சவுண்ட் போஸ்ட் விழுந்துவிட்டது. மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே நிற்கும் சின்ன மரக்குச்சி அது. அதைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. அளவாகச் சீவி இறுக்கமாக நிறுத்தினால், தந்திகளின் அழுத்தமும் சேர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும். கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "உங்க ஆளுங்க தந்தியை இறக்கி வாசிக்கிறீங்க, அதான் விழுந்துச்சு. வாரண்டி கிடையாது." நாலு தந்தியையும் ஒரே நேரத்தில் முழுசாகத் தளர்த்தினால் விழ வாய்ப்பு உண்டு, உண்மைதான். ஆனால் கொஞ்சம் சுருதி இறக்கியதற்கெல்லாம் ஒழுங்காகப் பொருத்திய குச்சி விழாது. எத்தனை பேர் காலங்காலமாக அப்படித்தானே வாசிக்கிறார்கள்! பழியைப் பிள்ளை மேல் போட்டதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அந்த லேபிளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ராடிவாரி வயலின் செய்வதில் பேர்போனவர், 1737இல் இத்தாலியில் இறந்துபோனவர். அவர் பெயரை அச்சடித்து ஒட்டிய தொழிற்சாலை வயலின்கள் உலகம் முழுக்க ஏராளம். அதை வைத்து விலை பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். எங்களுடையது சீனாவில் செய்தது. அதில் குறையே இல்லை. டீச்சரிடம் படிக்கும் மற்றப் பிள்ளைகள் பலர் நல்ல சீன வயலினில்தான் வாசிக்கிறார்கள். சீன வயலினை ஜெர்மன் என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

சைஸ் விஷயத்தில் ஏமாறாதீர்கள். பிள்ளையின் இடது கையை நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கை நடுவரை அளந்து பாருங்கள். முழு சைஸுக்குக் கிட்டத்தட்ட 23 அங்குலம் வேண்டும். ஒன்பது வயதில் பெரும்பாலும் அரை அல்லது முக்கால் சைஸ்தான் சரி. அப்புறம், டீச்சரைக் கூட்டிப் போங்கள், அல்லது பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டு எடுத்து வாருங்கள். குதிரையும் பிரடையும் சவுண்ட் போஸ்டும் பொருத்திச் சரிபார்த்துத் தருவீர்களா என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு கடை. மாத வாடகைக்குக் கிடைத்தால் முதலில் அதையே எடுங்கள், பிள்ளை வளர வளர மாற்றிக்கொள்ளலாம்.

ரசீதில் "வயலின் 1" என்று மட்டும் எழுத விடாதீர்கள். எந்த நாட்டில் செய்தது, என்ன மரம், என்ன சைஸ் என்று வாயால் சொன்னதை எல்லாம் எழுதச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் அதுதான் ஆதாரம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போட 5 வெள்ளிதான் கட்டணம், வக்கீல் தேவையில்லை. என் ரசீதில் விவரம் குறைவு. ஆனாலும் "ஜெர்மன், கையால் செய்தது" என்று அவரே எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இருக்கிறது. அதை வைத்து மனுப் போட்டுவிட்டேன்.